பசிக்கிற காலாள்

சதுரங்கப் பலகையில் நிற்கும் 32 காய்களில் ஒன்றுக்கும் பசிப்பதில்லை. குதிரைக்குப் புல் வேண்டாம், யானைக்குக் கவளம் வேண்டாம், காலாளுக்குக் கூலி வேண்டாம். வெட்டுப்பட்டால் பலகைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த ஆட்டத்துக்குப் புதுசாக வந்து நிற்கும். சோற்றுக் கணக்கை அழித்துவிட்டு எழுதப்பட்ட யுத்தம் அது. அரசர்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கணக்கைத் திரும்பவும் பலகைமேல் எழுதிப் பார்க்கிற ஒரு பிரதியைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன். கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கும் க்ளெய் என்டர்டெய்ன்மென்ட் நிறுவனம் 2013 ஏப்ரலில் வெளியிட்ட 'டோன்ட் ஸ்டார்வ்' என்ற கணினி விளையாட்டு. பெயரைத் தமிழில் சொன்னால் 'பட்டினி கிடக்காதே'. கணினி விளையாட்டை வைத்து என்னய்யா கோட்பாடு பேசுவது, அது நகரத்துப் பையன்கள் பொழுதைக் கொல்லும் சரக்கல்லவா என்று தோழர்கள் கேட்கக்கூடும். சரக்குதான். சினிமாவைப் பற்றி எழுதப்பட்டபோதும் இதே கேள்வி வந்தது, நாவலும் ஒரு காலத்தில் சரக்காகத்தான் வந்து இறங்கியது. ஒரு பண்டத்துக்குள் அதிகாரம் பற்றிய என்ன சொல்லாடல் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு அந்தப் பண்டம் புனிதமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஆடிப் பார்க்காதவர்களுக்காக முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆளற்ற ஒரு காட்டில் கண் விழிக்கிறீர்கள். கையில் ஒன்றும் கிடையாது. திரையின் மூலையில் மூன்று அளவைகள்: வயிறு, இதயம், மூளை. வயிறு காலியாகிக்கொண்டே இருக்கும். காய், கிழங்கு, முயல், எது கிடைத்தாலும் பிடுங்கித் தின்ன வேண்டும். இருட்டுவதற்குள் நெருப்பு மூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அடித்துக் கொன்றுவிடும். மூளை குறைந்துபோனால் நிழல்கள் உருவெடுத்து வந்து கடிக்கும். செத்தால் செத்ததுதான். உயிர்த்தெழ ஒன்றிரண்டு வழிகளை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தால் தவிர, எல்லாம் முதலிலிருந்து. ஜெயிப்பது என்று ஒன்று இந்த அடிப்படை ஆட்டத்தில் கிடையாது. எத்தனை நாள் தாக்குப் பிடித்தாய் என்பது மட்டும்தான் கணக்கு.

இந்தக் காட்டில் அலைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஓரிடத்தில் தரை மாறும். புல் போய்க் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தளம் வரும். பளிங்கில் செய்த மரங்கள், பளிங்குத் தூண்கள், பறித்தால் புத்தி பேதலிக்க வைக்கும் கெட்ட பூக்கள். நடுவே கோட்டு போட்ட ஒரு மனிதனின் சிலை. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இங்கே திணை ஞாபகம் வராமல் இருக்காது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய மரம், அதற்குரிய விலங்கு, அதற்குரிய உணவு என்று கருப்பொருள்கள் பிரிந்து கிடக்கின்றன. புல்வெளியில் முயல், சதுப்பில் கூடாரக் கொம்பன்கள், இப்படி. சதுரங்க நிலத்துக்கு மட்டும் உணவு கிடையாது. தின்பதற்கு அங்கே ஒரு பழம் விளையாது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது, வெயிலினால். இங்கே நிலம் திரிவது வெயிலினால் இல்லை, ஓர் ஆளின் சித்தத்தினால். யாரோ காட்டின்மேல் பலகையை விரித்திருக்கிறார்கள்.

அந்த நிலத்தின் உயிர்கள் மூன்று. மூன்றும் கடிகாரச் சக்கரங்களால் ஓடுகிற இயந்திரங்கள். குதிரை பாய்ந்து பாய்ந்து வந்து முட்டும். பிஷப் (நான் பழகிய ஆட்டத்தில் அதற்கு மந்திரி என்றுதான் பெயர்) தூரத்திலேயே நின்று மின்சாரத்தை எறியும். ரூக் என்கிற யானை, பார்க்க இங்கே காண்டாமிருகம் மாதிரி இருக்கும், நேர்கோட்டில் புறப்பட்டால் நடுவில் நிற்கும் மரமோ சுவரோ எல்லாம் தூள். பலகையில் இந்தக் காய்கள் எப்படி நகருமோ அந்தச் சுபாவம் இவற்றின் உடம்பில் இறக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை அடித்தால் பக்கத்தில் நிற்கிற மற்றவையும் சேர்ந்து வரும். ஆனால் ஓடினால் ஒரு தூரத்துக்குமேல் துரத்துவதில்லை, திரும்பித் தன் இடத்தில் போய் நின்றுகொள்கின்றன. பாத்திரங்களுக்குரிய வன்மமோ ஆசையோ இவற்றுக்கு இல்லை. காவல் இருப்பது மட்டும்தான். எதைக் காவல் காக்கின்றன என்று கேட்டால், காலி இடத்தை.

இப்போது இல்லாத காய்களைப் பார்ப்போம். 2013இல் வந்த மூல ஆட்டத்தில் ராணி இல்லை. ராஜா இல்லை. காலாளும் இல்லை. ஒரு பிரதியை வாசிக்கும்போது அதில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விட்டதை அழுத்திக் கேட்கப் பழகியிருக்கிறோம், இல்லையா? ராஜா யார் என்பது சிலையைப் பார்த்தாலே ஊகிக்கக்கூடியது. கோட்டு போட்ட அந்த ஆள், மாக்ஸ்வெல். ராணி யார் என்பதற்கு விடை வர சில வருடங்கள் ஆயின. காலாள் யார்? திரையின் மூலையில் வயிற்றை வைத்துக்கொண்டு அலைகிற நீங்கள்தான். ஆட்டக்காரர் என்று நம்பிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், பலகையில் குறைகிற காயின் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த 'இடம்' என்ற சொல்லில் கொஞ்சம் தங்க வேண்டியிருக்கிறது. அமைப்பியலை அறிந்த வாசகர்களுக்குச் சசூரின் சதுரங்க உவமை தெரிந்திருக்கும். அவர் இறந்த பின் மாணவர் குறிப்புகளைக் கொண்டு 1916இல் வெளியான நூலில் மொழியைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுகிறார். குதிரைக் காய் தொலைந்துபோனால் பரவாயில்லை, அதன் இடத்தில் ஒரு பொத்தானை வைத்தாலும் (பொத்தான் என் சேர்க்கை) அதற்குக் குதிரையின் மதிப்பைக் கொடுத்துவிட்டால் அது குதிரைதான். காய் மரத்தால் ஆனதா தந்தத்தால் ஆனதா என்பது பொருட்டில்லை. மற்றக் காய்களோடு அதற்குள்ள உறவும் வேறுபாடும்தான் அதன் மதிப்பு. காய்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ குறைத்தாலோதான் 'இலக்கணம்' மாறும். இந்த ஆட்டம் பாரசீகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பது வெளிச் செய்தி, உள் விதிக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பதும் அவர் சொன்னது.

முதல் பாதியை 'டோன்ட் ஸ்டார்வ்' அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்று நினைக்கிறேன். ராஜாவின் இடத்தில் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதுதான் அதன் கதையின் முதுகெலும்பு. இரண்டாவது பாதி எனக்கு ஒப்பவில்லை. சதுரங்கம் பயணப்பட்டபோது விதியும் மாறியது. தேர், யானை, குதிரை, காலாள் என்கிற நால்வகைப் படைதான் சதுரங்கம். அதன் யானை அரபு நாட்டில் 'அல்ஃபீல்' என்ற பெயரில் மூலைவாட்டில் இரண்டு கட்டம் தாவிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் அதே காய் பாதிரியாராகிப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்கிறது. அரசன் பக்கத்தில் நின்ற ஆலோசகன், ஒரு தடவைக்கு ஒரு கட்டம் மூலைவாட்டில் நகரும் சவலைக் காய், அங்கே ராணியாக மாறிப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பலகையிலேயே பலம் மிக்க காயாகிறது. அன்றைய இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அந்தப் புது ஆட்டத்துக்கு 'வெறி பிடித்த ராணி'யின் ஆட்டம் என்ற மாதிரி பெயர் வைத்தார்கள். சபை, கோட்டை, பட்டத்தரசி என்று ஐரோப்பிய அதிகாரத்தின் வரைபடம் காய்களின் நடையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வரலாறு பலகைக்கு வெளியேதான் நிற்கிறது என்று சொல்லும் கோட்பாட்டின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த விளையாட்டிலும் விதியைக் கலைக்கிற ஒன்று வெளியிலிருந்து வருகிறது. அது வயிறு.

ஓர் உதாரணம் போதும். இயந்திரக் குதிரையைக் கொன்றால் பல்சக்கரங்கள் கிடைக்கும். அந்தச் சக்கரத்தை வைத்து ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு சக்கரம், இரண்டு தங்கக் கட்டி, ஒரு பலகை, இவற்றைச் சேர்த்து ஐஸ் பெட்டி செய்கிறார்கள்! இந்த உலகத்தில் உணவு நாளுக்கு நாள் அழுகிப்போகும், ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் பாதி வேகத்தில்தான் அழுகும். குதிரையைக் கொல்லப் போகிறவர் வீரத்துக்காகப் போவதில்லை, சமைத்த கறி இன்னும் நாலு நாள் தாங்குமே என்று போகிறார். அரசனின் சேனையிலிருந்த குதிரை, முயல் கறியைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டியின் இதயமாகத் துடிக்கிறது. யுத்தச் சின்னத்தைச் சமையலறைச் சாமானாக மாற்றுகிற இந்த ஒரு செயலில் உள்ள கட்டவிழ்ப்பு, பல கோட்பாட்டுக் கட்டுரைகளில் இல்லை.

மாக்ஸ்வெல்லின் சிலையும் இப்படித்தான். கடப்பாறைக் கோடாலியால் கொத்தினால் அது பளிங்குக் கற்களாக உதிரும். அந்தப் பளிங்கில் கவசம் செய்து போட்டுக்கொள்ளலாம். ஆனால் கவசம் கனம், போட்டுக்கொண்டவரின் நடை தளர்ந்துவிடும். அரசனின் சிலையை உடைத்து அதையே மேலே சுமந்துகொண்டு மெதுவாக நடக்கிற காலாள். சிலைகளை உடைத்த இயக்கங்களின் சரித்திரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். அதே பளிங்கில் கறுப்பு வெள்ளைக் கட்டத் தளமும் செய்யலாம். நிறையப் பேர் செய்கிறார்கள், தங்கள் குடிசையைச் சுற்றி அழகுக்காகப் பதிக்கிறார்கள். எதிரியின் பலகை நம் வீட்டு முற்றமாகிவிடுகிறது. சக்கரத்தை ஐஸ் பெட்டியாக்கிய அதே கை இதையும் செய்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

கடிகாரச் சக்கரத்தில் ஓடும் சதுரங்கம் என்றதும் வால்டர் பெஞ்சமின் நினைவுக்கு வருகிறார். வரலாறு பற்றி 1940இல் அவர் எழுதிய குறிப்புகளின் முதலாவதில் சதுரங்கம் ஆடும் ஒரு பொம்மை வருகிறது. துருக்கிய உடை அணிந்த அந்தப் பொம்மை எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பதில் ஆடி ஜெயிக்கும். பெட்டிக்குள்ளே சதுரங்கத்தில் கைதேர்ந்த ஒரு கூனல் குள்ளன் ஒளிந்திருப்பான். இது வெறும் கற்பனையில்லை. வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலென் என்பவர் 1770இல் வியன்னா அரசவையில் காட்டிய 'துருக்கியன்' என்ற பொம்மைக்குள் நிஜமாகவே மனிதர்கள் மாறி மாறி ஒளிந்து ஆடினார்கள். 1854இல் பிலடெல்பியாவில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோகும்வரை அது இருந்தது. இறையியலைக் குள்ளனாகவும் வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தைப் பொம்மையாகவும் பெஞ்சமின் வைத்தார். நம் விளையாட்டின் குதிரையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆள் கிடையாது, சக்கரம் மட்டும்தான். அப்படியானால் குள்ளன் எங்கே? முழு உலகமும் ஒரு பெட்டி என்றால், அதற்குள் முடங்கிக் கிடக்கிறவன் யார்? விடை விநோதமானது. ராஜாதான்.

மாக்ஸ்வெல்லின் கதை விளையாட்டில் நேராகச் சொல்லப்படுவதில்லை. க்ளெய் வெளியிட்ட புதிர்களிலும் சிறு படங்களிலும் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அவனுடைய நிஜப் பெயர் வில்லியம் கார்ட்டர். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்து பிழைக்க வழி தேடிய தோற்றுப்போன வித்தைக்காரன். ஒரு விபரீதமான புத்தகம் கையில் கிடைக்கிறது, நிழல்களை ஏவும் சக்தி வருகிறது, 'மாக்ஸ்வெல்' என்று மேடைப் பெயர் வைத்துக்கொள்கிறான். சார்லி என்ற பெண் அவனுக்கு மேடை உதவியாளர். சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கம் அழித்த அதே 1906இல் இருவரையும் நிழல்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. அவன் சிம்மாசனத்தில், அவள் இருட்டில். ராத்திரியில் நெருப்பில்லாதவரை அடித்துக் கொல்கிற கண்ணுக்குத் தெரியாத அந்த 'ஏதோ ஒன்று' சார்லிதான். பிற்பாடு வானொலி வழியே ரகசிய அறிவைச் சொல்லிக்கொடுத்து, வில்சன் என்ற அரைகுறை விஞ்ஞானியை ஒரு இயந்திரம் செய்ய வைத்து, அதன் வழியாகவே அவனை இந்தக் காட்டுக்குள் இழுத்துப் போடுகிறான் மாக்ஸ்வெல். ஆட்டம் தொடங்கும்போது நீங்கள் வில்சன். பாத்திரங்களின் பெயர் பெரும்பாலும் டபிள்யூவில் தொடங்குகிறது: வில்சன், வில்லோ, வெண்டி, விக்கர்பாட்டம் என்று. வில்லியமும் அந்த வரிசைதான். டபிள்யூவைத் தலைகீழாகப் பிடித்தால் எம், மாக்ஸ்வெல். தமிழில் எழுதும்போது இந்தக் குறும்பு காணாமல் போய்விடுகிறது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

மூல ஆட்டத்தில் மாக்ஸ்வெல்லின் கதவு என்ற ஒன்று உண்டு. அதற்குள் போனால் ஐந்து கடுமையான உலகங்கள், அவற்றைத் தாண்டினால் கடைசியாக ஓர் அத்தியாயம். அதன் பெயர் 'செக்மேட்'. ஐந்து உலகங்களைத் தாண்டி வருகிறவர் எதிர்பார்ப்பது ஒரு சண்டை. வாளோடும் கவசத்தோடும் போய்ச் சேர்ந்தால் அங்கே சண்டை கிடையாது. இருட்டில் ஒரு சிம்மாசனம், அதில் நிழல் கைகளால் பிணைக்கப்பட்டு மாக்ஸ்வெல் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு கிராமபோன் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறது. வெளியே இது எந்த வருஷம் என்று கேட்கிறான். தான் வந்தபோது இங்கே தூசியும் சூனியமும் 'அவர்களும்' மட்டும்தான் என்கிறான். எவ்வளவோ கட்டினேன், ஆனால் ராஜாவும் பலகைக்குக் கட்டுப்பட்டவன்தான், ஆட்டத்தின் விதியை மாற்ற முடியாது என்ற பொருளில் பேசுகிறான். 'அவர்கள்' யார் என்று அவனுக்கே தெரியாது.

'செக்மேட்' என்ற சொல்லின் மூலம் பாரசீகத்தின் 'ஷா மாத்'. ராஜா செயலற்றுப் போனான் என்று அர்த்தம். சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். நகர இடமில்லாமல் போவதுதான் அவனுடைய தோல்வி. அந்த வகையில் மாக்ஸ்வெல் சிம்மாசனத்தில் உட்கார்ந்த அன்றைக்கே மாட்டிக்கொண்டவன். நாம் போய்த் தோற்கடிக்கவில்லை. சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஒரு தடவைக்கு ஒரு கட்டமாவது நகர உரிமை உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

அங்கே உங்களுக்கு ஒரு வேலைதான் இருக்கிறது. கையிலிருக்கும் கோலைப் பூட்டில் பொருத்தினால் அவன் விடுபடுவான். விடுபட்ட அடுத்த நிமிடம் எலும்பாகிப் பொடிந்து போகிறான், அத்தனை வருஷமும் அவனிடமிருந்து ஒரே மொத்தமாக வசூலிக்கப்பட்டதைப் போல. நிழல் கைகள் உங்களைப் பிடித்து அதே இருக்கையில் உட்கார வைக்கின்றன. சதுரங்க விதிப்படி கடைசி வரிசையை எட்டிய காலாள் ராணியாகலாம், யானையாகலாம், மந்திரியாகலாம், குதிரையாகலாம். ராஜாவாக மட்டும் ஆக முடியாது. இந்த விளையாட்டு அந்த ஒரு விதியை உடைத்துக் காலாளை ராஜாவாக்குகிறது. உடைத்ததும் ஆட்டமே நின்றுவிடுகிறது. கிராமபோன் மட்டும் நிற்பதில்லை.

இதை 'அதிகாரம் மனிதனைக் கெடுக்கும்' என்ற பழைய நீதிக்கதையாக வாசிக்கிறவர்கள் உண்டு. அந்த வாசிப்பு போதாது என்பது என் தரப்பு. வில்சன் கெட்டுப்போய் ராஜாவாகவில்லை, ராஜாவை விடுவிக்கப் போய் ராஜாவானான். அவனுடைய நல்லெண்ணம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. குதிரையின் இடத்தில் வைத்த பொத்தான் குதிரையாகிற மாதிரி, இருக்கையில் வைத்த எவரும் ராஜா. அப்படியானால் தன்னிலை என்பதே கிடையாதா, இடம்தான் எல்லாமா என்று ஒரு அமைப்பியல்வாதி இங்கே திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாம். நான் இன்னொன்றைக் கேட்க விரும்புகிறேன். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை காலமும் மாக்ஸ்வெல் என்ன சாப்பிட்டான்?

ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த இருக்கையில் பசி கிடையாது. மூப்பு கிடையாது. ராத்திரியின் பயமும் கிடையாது. ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்து நம்மை விரட்டிக்கொண்டிருக்கும் மூன்று அளவைகளும் அங்கே ரத்தாகின்றன. இந்தப் பிரதி அதிகாரத்துக்குத் தருகிற வரையறை இதுதான் என்று நினைக்கிறேன்: பசியிலிருந்து விலக்கு. கட்டளையிடுவது, தண்டிப்பது, சிலை வைப்பது எல்லாம் இதற்கப்புறம் வருகிறவை. பசியும் அசைவும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாக இருப்பதால், பசி நின்றதும் அசைவும் நின்றுவிடுகிறது. வயிறுள்ள காலாள் காடெல்லாம் அலைந்தான், வயிறற்ற ராஜா இருந்த இடத்தில் இறுகிப்போனான். பலகையிலிருக்கும் மற்றக் காய்களுக்கும் இவனுக்கும் இனி வித்தியாசமில்லை. இயந்திரக் குதிரைக்கும் பசிக்காது.

இந்த உலகத்தில் இன்னொரு ராஜாவும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பன்றிகளின் ராஜா. அவனும் நகர மாட்டான். மலை மாதிரி உட்கார்ந்துகொண்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் கறியைத் தின்றுவிட்டுத் தங்கக் கட்டியைத் துப்புவான். மாக்ஸ்வெல் பசியே இல்லாத அதிகாரம் என்றால் இவன் எவ்வளவு தின்றாலும் அடங்காத அதிகாரம். அவன் தருகிற தங்கத்தை நம்மால் தின்ன முடியாது. ஆனால் ஐஸ் பெட்டிக்கு அந்தத் தங்கம் வேண்டியிருக்கிறது. பொருளாதாரம் படித்த நண்பர்கள் யாராவது இதைத் தனியாக எழுதலாம்.

டெல்யூஸும் கத்தாரியும் 1980இல் வெளிவந்த தங்கள் நூலில் சதுரங்கத்தை அரசின் ஆட்டம் என்றார்கள். அதன் காய்களுக்கு உள்ளார்ந்த சுபாவம் உண்டு, குதிரை என்றும் குதிரையாகவே இருக்கும். அதற்கு எதிராகக் 'கோ' ஆட்டத்தின் பெயரற்ற வில்லைகளை வைத்தார்கள். 'டோன்ட் ஸ்டார்வ்' ஆடுகிறவருக்கு இந்த எதிர்வு கொஞ்சம் சொகுசாகத் தோன்றும். கோ வில்லைக்கும் வயிறு கிடையாதே.

2016இல் முழுமையாக வெளிவந்த கூட்டு ஆட்டம் 'டோன்ட் ஸ்டார்வ் டுகெதர்'. பலர் சேர்ந்து பிழைக்கும் ஆட்டம். அதில் பின்னர் சேர்ந்த ஒரு பகுதியில் குதிரை, மந்திரி, யானை மூன்றின் பளிங்குச் சிலைகள் குறைபட்டுக் கிடக்கும். உடைந்த துண்டுகள் வேறெங்கோ சிதறிக் கிடக்கும். அவற்றை முதுகில் தூக்கிக்கொண்டு தள்ளாடி நடந்து வந்து நீங்களே சிலைகளை முழுமையாக்க வேண்டும். அமாவாசை இரவில் அவற்றுக்குள்ளிருந்து நிழல் குதிரையும் நிழல் மந்திரியும் நிழல் யானையும் வெளிப்படும். ஒன்றைக் கொன்றால் மிச்ச இரண்டும் பெரிதாகும். இரண்டாவதையும் கொன்றால் மூன்றாவது பூதாகாரமாக நிற்கும். செத்ததன் பலம் இருப்பதற்குப் போகிறது. ஒரு நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக வீழ்த்திவிடலாம் என்று நம்பிய போராட்டங்கள் எதிர்கொண்ட கஷ்டம் இது. அமைச்சகம் போனால் காவல்துறைக்கு அதிகாரம் கூடுகிறது, அது போனால் நீதிமன்றத்துக்கு. அந்தச் சிலைகளைச் சுமந்து வந்து ஒட்டவைத்தது யார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ராணி இந்தக் கூட்டு ஆட்டத்தின் காலத்தில்தான் வருகிறாள். 'எ நியூ ரெய்ன்' என்ற விரிவாக்கத்தின் கதைப்படி சிம்மாசனத்திலிருந்து வில்சனை விடுவித்து அதிகாரத்தை ஏற்பவள் சார்லி. மேடையில் வித்தைக்காரனின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதற்காக வைக்கப்பட்டிருந்த பெண். ஒரு தடவைக்கு ஒரு கட்டம் நகர்ந்த அந்தச் சவலைக் காயை நினைத்துக்கொள்ளுங்கள். ஐநூறு வருஷத்துக்கு முன் பலகையில் நடந்தது இங்கே கதையாகத் திரும்ப நடக்கிறது. சார்லியின் வருகையைப் பெண்ணின் விடுதலையாக வாசிக்கலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. ராணி எட்டுத் திசையிலும் பாய்கிறாள், சரி. இருக்கை அப்படியே இருக்கிறது. அவளைத் தேடிக்கொண்டு சகோதரி வினோனா, தொழிற்சாலைக் கூலி, இதே காட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டு காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு சகோதரி ஆளுகிற இருட்டில் இன்னொரு சகோதரி நெருப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாக்ஸ்வெல் கதைக்கு வருகிறேன். மூல ஆட்டத்தில் அவன் பொடிந்துபோனதோடு சங்கதி முடியவில்லை. 'செக்மேட்' முடித்தவர்களுக்கு அவன் ஆடத்தக்க பாத்திரமாகக் கிடைக்கிறான், கூட்டு ஆட்டத்திலும் இருக்கிறான். இப்போது அவனுக்கும் மூலையில் மூன்று அளவைகள். உடம்பு பலம் மற்றவர்களில் பாதி. ஆனால் அந்தப் புத்தகம் கையில் இருக்கிறது. தன் புத்தியின் ஒரு பங்கை அறுத்துக் கொடுத்துத் தன்னைப் போலவே நிழல் ஆட்களை உண்டாக்கிக்கொள்கிறான். அவை மரம் வெட்டுகின்றன, கல் உடைக்கின்றன. சாப்பாடு கேட்பதில்லை. பட்டம் போன பிறகும் பசிக்காத காலாட்களை வைத்துத்தான் அவனால் யோசிக்க முடிகிறது. இடத்தைவிட்டு இறக்கிவிட்டால் ஆள் மாறிவிடுவான் என்று நம்புகிறவர்கள் இவனை வைத்து ஒரு நாள் ஆடிப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்த நிழல்களுக்குச் சமைக்கத் தெரியாது. வேறிடத்திலிருந்து பெயர்த்து நட்ட பழப் புதர் சாணம் போட்டால்தான் காய்க்கும், அதையும் அவை செய்வதில்லை. எனவே சாயங்காலம் இருட்டுவதற்குள், கோட்டும் வெள்ளைப் பூவுமாக, முன்னாள் ராஜா குனிந்து நின்று செடிக்குச் சாணம் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பசிக்கிறது.